விலையும் சம்மதமும்

படவேட்டில் கீழே பட்டா நிலம், மேலே ஜவ்வாது மலையில் ‘ரிசர்வ்’ காடு. இந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தது 1882ஆம் வருடத்துச் சென்னை வனச் சட்டம். கோட்டுக்கு மேலே பட்டா இல்லை; ஆகவே மலையாளிப் பழங்குடிகள் இழந்ததற்கு விலை என்ற பேச்சே எழவில்லை. கீழே 1894ஆம் வருடத்து நில எடுப்புச் சட்டம். ‘பொதுக் காரியம்’ என்று சர்க்கார் சொன்னால் சொன்னதுதான். சந்தை மதிப்பு, அதன்மேல் 15 சதவீத ஆறுதல் தொகை. 1984இல் அது 30 ஆனது. இடையில் 1978இல் சொத்துரிமையே அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டது.

உடைப்பு 2013ஆம் வருடத்துச் சட்டத்தில் வந்தது. ஆறுதல் தொகை 100 சதவீதம். அதைவிட முக்கியம், குத்தகைக்காரரும் கூலிக்காரரும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ ஆனார்கள். சமூகத் தாக்க மதிப்பீடும் உள்ளே வந்தது. தமிழ்நாடு என்ன செய்தது? தொழிற்சாலைக்கான 1997 சட்டம் உட்பட, நிலம் எடுக்கும் தன் மூன்று சட்டங்களை 105அ என்ற பிரிவு போட்டு விலக்கிக்கொண்டது. பணம் தரும் பகுதி தங்கியது, ஜனங்களைக் கேட்கும் பகுதி போயிற்று. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் இவை செல்லாது என்றது. சட்டசபை உடனே புதுச் சட்டம் போட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

2023இல் இதே மாவட்டத்தில், செய்யாறு பக்கம் மேல்மாவில், சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த 7 பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் வலுத்தபின் 6 பேர்மீது வாபஸ் வாங்கினார்கள். அந்த விவசாயிகள் கூடுதல் விலை கேட்கவில்லை. ‘நெலத்தக் குடுக்க மாட்டோம்’ என்றார்கள். இந்த வாக்கியத்துக்குச் சட்டத்தில் இடமில்லாதவரை ‘நியாயமான இழப்பீடு’ என்பது, பறித்த பிறகு போடுகிற கணக்குதான்.