நீலகிரி சிங்கோனாவும் சளி மாத்திரையும்

ஊட்டியிலிருந்து மலை ரயிலில் இறங்கும்போது முதலில் வரும் நிலையம் லவ்டேல். அங்குள்ள லாரன்ஸ் பள்ளி தொடங்கப்பட்டது 1858இல். அடுத்த இரண்டே ஆண்டுகளில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்கச் சிங்கோனா நாற்றுகளுடன் நீலகிரிக்கு வந்தார். அவர் கொண்டுவந்தவை பெரும்பாலும் பட்டுப்போயின. பின்னர் வந்த விதைகளும் செம்பட்டைச் செடிகளுமே வேரூன்றின. ஊட்டித் தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்களை வளர்த்தார். பட்டையைக் கீற்றாக உரித்த இடத்தைப் பாசியால் மூடினால் புதுப்பட்டை வளரும் என்பதைக் கண்டு, மரத்தை வெட்டாமலே அறுவடை செய்தார்.

செம்பட்டையில் குயினின் குறைவு. அதன் உடன்பிறப்புகளான பிற ஆல்கலாய்டுகள் மிகுதி. அவற்றை வீணாக்குவதா என்ற கேள்வி எழவே, 1866இல் மதராஸ் சிங்கோனா ஆணையம் அமைந்தது. குயினின், குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் ஆகிய நான்கும் ஏறத்தாழ 3,600 மலேரியா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. நான்குமே 100க்கு 98 பேருக்கு மேல் காய்ச்சலை நிறுத்தின. ஆயினும் குயினின் மிகுந்த ஜாவா பட்டை சந்தையைப் பிடித்ததும் மற்ற மூன்றும் பின்தங்கின.

குயினிடினுக்கு இன்னொரு வாழ்வு காத்திருந்தது. 1918இல் வால்டர் ஃப்ரே அதை ஒழுங்கற்ற இதயத்துடிப்புக்கு மருந்தாகக் காட்டினார். அது கல்லீரலில் என்ன செய்கிறது என்பது தெரிய மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1970களில் லண்டனில் ராபர்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர் டெப்ரிசோகுயின் என்ற இரத்த அழுத்த மருந்தைத் தாமே விழுங்கினார். உடன் விழுங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கோ அழுத்தம் சரிந்து எழுந்து நிற்கவே முடியவில்லை. அம்மருந்தைச் சிதைக்கும் நொதி அவரது கல்லீரலில் பிறவியிலேயே செயலற்றிருந்தது. அதுவே இன்று சிஒய்பி2டி6 எனப்படுகிறது. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் மருந்தைக் கொடுத்துத் தமிழரிடமும் இந்நொதியை அளந்தனர். இக்குறை உடையோர் ஐரோப்பியரைவிடத் தமிழரிடம் குறைவு.

நொதி நன்றாக உள்ளவரையும் குயினிடின் தற்காலிகமாக ஸ்மித்தைப் போல ஆக்கிவிடும். மிகச் சிறிய அளவே போதும். விந்தை என்னவென்றால், அணுக்கள் ஒன்றேயாக இருந்தும் அமைப்பில் மட்டும் வேறுபடும் குயினின் மனிதரில் இதை வலுவாகச் செய்வதில்லை. எலியில் நிலைமை தலைகீழ்.

சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் பழைய ஆன்டிஹிஸ்டமின்களும் இதே நொதியைத்தான் அடைக்கின்றன. டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின், புரோமெத்தசின் மூன்றும் இவ்வகை. குயினிடின் அளவுக்கு வலிமை இல்லை, அவ்வளவே. டெர்ஃபெனடினின் கதை வேறு. அங்கே ஆன்டிஹிஸ்டமின்தான் மாட்டிக்கொண்டது: கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து சிஒய்பி3ஏ4 என்ற மற்றொரு நொதியை அடைக்க, சிதையாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பைக் குலைத்தது. இந்தியா 2003இல் அதைத் தடை செய்தது. அது உடலில் மாறிக் கிடைக்கும் ஃபெக்சோஃபெனடினே இன்று மாத்திரையாக விற்கப்படுகிறது.

டைஃபென்ஹைட்ரமினின் விளைவை 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு நேரடியாகக் காட்டியது. நலமான ஆண்களுக்கு அதனுடன் மெட்டோபுரோலால் என்ற இதய மருந்தையும் கொடுத்தபோது, நொதி நன்றாக இருந்தவர்களிடம் மெட்டோபுரோலால் இரத்தத்தில் கூடுதலாகத் தங்கியது. நாடித்துடிப்பும் அதிகம் குறைந்தது. நொதி ஏற்கெனவே செயலற்றிருந்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. அடைக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.