பெயர் சொல்லாத கதை

என் நண்பர் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவர். அவருடைய ஒரே பெண், பத்தாவது படித்துக் கொண்டிருந்தவள், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பூஜை அறையில் விளக்கு எரியவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"நீர் கதை எழுதுகிறவர். ஒன்று சொல்லும் ஓய். கதாநாயகன் என்று ஒருவனை வைத்துக்கொண்டு, முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி அத்தியாயம் வரை அவனைக் கண்ணிலேயே காட்டாமல் ஒருத்தன் நாவல் எழுதினால், அவனைப் பற்றி என்ன நினைப்பீர்?"

அவர் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்பது எனக்குப் புரியாமலில்லை. ஆறுதல் சொல்ல வாயெடுத்தவன் அடக்கிக் கொண்டேன்.

"அப்படி ஒரு கதை ஏற்கெனவே இருக்கிறது" என்றேன்.

யூதர்களின் வேதத்தில் எஸ்தர் என்று ஒரு சிறிய நூல் உண்டு. கிறிஸ்தவர்கள் வாசிக்கும் பழைய ஏற்பாட்டிலும் அது இருக்கிறது. வேத நூல்தான். ஆனால் அதன் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்தில்கூட வருவதில்லை. பாரசீக ராஜாவைப் பற்றிய பேச்சோ நூறு தடவைக்கு மேல் வருகிறது. கடல் பிளப்பதில்லை. அசரீரி கேட்பதில்லை. எல்லாம் அரண்மனை, விருந்து, சூழ்ச்சி, முத்திரை மோதிரம்!

இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 மாகாணங்களை ஆண்ட அகாஸ்வேரு என்று கதை தொடங்குகிறது. எபிரேய வேதத்தில் நம் தேசத்தின் பெயர் வருவது இந்த நூலில்தான். கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட முதலாம் செர்க்சஸே இந்த ராஜா என்பது பலர் கருத்து. கதை நடந்ததுதானா என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. இருக்கட்டுமே! ஒரு ஜனசமூகம் இரண்டாயிரம் வருஷமாக ஒரு கதையை மார்போடு அணைத்துக்கொண்டு பிழைத்து வந்திருக்கிறது என்பது சரித்திரம் அல்லவா?

தாய் தகப்பன் இல்லாத யூதப் பெண் எஸ்தர். அவளை வளர்த்தவன் உறவினனான மொர்தெகாய். அவள் ராஜாவின் கண்ணில் பட்டு மகாராணி ஆகிறாள். தான் எந்த ஜனத்தைச் சேர்ந்தவள் என்பதை மட்டும் சொல்லாமல் மறைத்துக் கொள்கிறாள். ஆமான் என்ற மந்திரி, தன்னை வணங்க மறுத்த மொர்தெகாய் மேலுள்ள கோபத்தில் யூதர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் ஒழித்துவிட ஆணை வாங்குகிறான். அந்த நாளைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறான். 'பூர்' என்றால் அந்தச் சீட்டு. பூரிம் என்ற பண்டிகையின் பெயர் அதிலிருந்துதான் வந்தது.

ராஜாவிடம் போய் முறையிடச் சொல்லி எஸ்தருக்கு ஆள் அனுப்புகிறான் மொர்தெகாய். அழைக்காமல் ராஜாவின் முன்னால் போகிறவர்களுக்கு மரணம். ராஜாவாகப் பார்த்துப் பொற்செங்கோலை நீட்டினால் தப்பலாம். அவளையோ அவன் முப்பது நாளாக அழைக்கவில்லை. தயங்குகிற அவளுக்கு மொர்தெகாய் சொல்லி அனுப்பும் பதிலில், நீ சும்மா இருந்துவிட்டால் உதவி வேறோர் இடத்திலிருந்து வரும் என்கிறான். பிற்காலத்து யூத ஞானிகளுக்கு 'இடம்' என்ற எபிரேயச் சொல்லே கடவுளின் பெயர்களில் ஒன்றாயிற்று. மொர்தெகாய் அதற்கு மேல் ஒன்றும் விளக்குவதில்லை. எஸ்தர் மூன்று நாள் உபவாசம் இருந்து, ராஜ உடை உடுத்து, உள்ளே போகிறாள். செங்கோல் நீள்கிறது.

அப்புறம் ஓர் இரவு. ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராவிட்டால் ராஜாக்கள் சங்கீதம் கேட்பார்கள். இவன் ராஜாங்கக் குறிப்பேட்டை எடுத்து வாசிக்கச் சொல்கிறான். என்றோ ஒரு நாள் தன் உயிரை மொர்தெகாய் காப்பாற்றியதும், அதற்கு ஒரு சன்மானமும் தராததும் அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. அதே நேரத்தில் மொர்தெகாயைத் தூக்கிலிட அனுமதி கேட்க ஆமான் வாசலில் வந்து நிற்கிறான்! கதை திரும்பிவிடுகிறது. எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்குப் பொறாமையாகவே இருக்கும். ஒரு சாம்ராஜ்யத்தின் விதியைத் திருப்ப ஆசிரியர் எடுத்துக் கொண்டது தூக்கமின்மை ஒன்றைத்தான். யார் விரட்டினார்கள் அந்தத் தூக்கத்தை? அவர் சொல்லவே இல்லை.

பிற்காலத்தார் சிலருக்கு இந்த மௌனம் பொறுக்கவில்லை. கிரேக்க மொழிபெயர்ப்பில் பிரார்த்தனைகளைச் சேர்த்துப் பல இடங்களில் கடவுளைக் கொண்டுவந்து வைத்தார்கள். எபிரேயப் பிரதியைக் காத்தவர்களோ ஓர் எழுத்தையும் கூட்டவில்லை. தல்மூத் ஞானிகள் எஸ்தர் என்ற பெயரை, என் முகத்தை மறைத்துக் கொள்வேன் என்று மோசேயின் ஐந்தாம் நூலில் கடவுள் சொல்லும் எபிரேய வாசகத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். மறைவுதான் இந்தக் கதையின் உயிர் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

பூரிம் அன்று அவர்கள் செய்வதும் வீட்டுக் காரியங்கள்தான். ஆமான் பெயர் வாசிக்கப்படும்போது பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றி இரைச்சல் போடுவார்கள். சிநேகிதருக்கு இரண்டு பட்சணமாவது அனுப்ப வேண்டும். ஏழைகள் இரண்டு பேருக்காவது கொடுக்க வேண்டும். நம் சோமாசியைப் போல உள்ளே பூரணத்தை மறைத்து வைத்த முக்கோணப் பலகாரம் ஒன்றும் உண்டு. தெய்வம் ஒளிந்திருக்கும் இடத்தைச் சமையலறை வரைக்கும் கொண்டு வந்துவிட்டார்கள்!

இதெல்லாம் பிழைத்தவர்கள் கொண்டாடும் கொண்டாட்டம். ஒளிந்து வாழ்ந்தவர்கள் கதை வேறு. 1497-ல் போர்ச்சுகல் ராஜா மனுவேல் தன் நாட்டு யூதர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கினான். 1536-ல் மத விசாரணை மன்றம் வந்தது. வெளியே மாதா கோவில், உள்ளே பழைய வழிபாடு என்று சில குடும்பங்கள் வாழ்ந்தன. புத்தகங்கள் போயின. எபிரேயம் மறந்து போயிற்று. தாய் மகளுக்குக் காதோடு சொன்ன பிரார்த்தனைகளும், வெள்ளிக்கிழமை மாலையில் பிறர் கண்ணில் படாமல் ஏற்றிய விளக்கும், எஸ்தர் ராணியின் உபவாசமும் மிஞ்சின. அவளும் தன் ஜனத்தை மறைத்து வாழ்ந்தவள் அல்லவா?

1917-ல் சாமுவேல் ஷ்வார்ஸ் என்ற போலந்து நாட்டு யூதர், சுரங்க எஞ்சினீயர், பெல்மோந்தே என்ற மலையூரில் இவர்களைக் கண்டார். நானும் யூதன்தான் என்று அவர் சொன்னதை அங்கிருந்த பெண்கள் நம்பவில்லை. அவர் தம் மதத்தின் ஆதாரப் பிரார்த்தனையை எபிரேயத்தில் சொன்னார். அதில் 'அதோனாய்' என்ற சொல் வந்ததும் அவர்கள் முகம் மாறிற்று. நானூறு வருஷத்தில் அவர்களிடம் எஞ்சியிருந்த எபிரேயச் சொல் அது ஒன்றுதான்: கடவுளின் பெயர். பெயரில்லாத புத்தகத்தின் நாயகியைக் கொண்டாடியவர்கள் அந்தப் பெயரை மட்டும் தொலைக்கவில்லை. 1996-ல் அந்த ஊரில் அவர்களுக்கென்று ஜெப ஆலயம் திறந்தார்கள்.

நான் இதைச் சொல்லி நிறுத்தியதும், "எல்லாருக்கும் செங்கோல் நீண்டதா ஓய்?" என்றார் வாத்தியார்.

இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1939 செப்டம்பரில் வார்சாவின் மேல் குண்டு விழுந்தபோது கலோனிமஸ் ஷபீரா என்ற குருவின் ஒரே மகன் மாண்டான். மருமகளும் மாண்டாள். அடைக்கப்பட்ட யூதச் சேரியில் இருந்துகொண்டு அவர் 1942 ஜூலை வரை உபதேசம் செய்தார். கடவுள் ஏன் வரவில்லை என்பதற்கு அவரிடம் சுலபமான பதில் இல்லை. கடவுள் மறைந்திருப்பது உள்ளறையில் அழுவதற்காக, துன்பப்படுகிற மனிதன் அங்கே போய் அவரோடு சேர்ந்து அழலாம் என்ற அளவில்தான் பேசினார். அந்த வருஷக் கடைசியில், இப்படியொரு துன்பம் இதற்கு முன் இருந்ததே இல்லை என்று தம் எழுத்தில் தாமே ஒரு குறிப்புச் சேர்த்தார். 1943 நவம்பரில் அவரைக் கொன்றார்கள். பூமிக்கடியில் பால் கேனில் வைத்துப் புதைத்திருந்த ரிங்கெல்ப்ளூமின் ரகசியச் சேகரத்தோடு அவர் எழுத்துக்கள் 1950-ல் வெளிப்பட்டன. 1960-ல் அச்சேறின.

இந்தக் கணக்கை எந்த வேதாந்தத்தாலும் நேர் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒருவர், அதற்குப் பிறகும் எழுந்து நின்று பிறருக்கு நாலு வார்த்தை சொன்னார். மறைந்திருப்பவரின் சுவடு என்று நான் காட்டக்கூடியது அவ்வளவுதான்.

வாத்தியார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தப் பெண் எஸ்தர் உள்ளே போனபோது, பிழைப்போம் என்று அவளுக்கு யாராவது வாக்குக் கொடுத்தார்களா?"

"இல்லை."

"இருந்தும் போனாள்."

"போனாள்."

ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்துவிட்டு எழுந்து போனார். வீட்டில் விளக்கு ஏற்றினாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டு வழியே போனபோது வாசற்கதவு திறந்திருந்தது. எங்கள் தெருத் தையற்காரரின் பெண் கூடத்தில் உட்கார்ந்து சரித்திரப் பாடம் கேட்டுக் கொண்டிருந்தாள். அவள் மடியில் விரித்திருந்த புத்தகத்தின் அட்டையில் வாத்தியார் மகளின் பெயர் எழுதியிருந்தது.