எண்ணெய்ப் பீப்பாவும் எங்கள் தப்பும்

இந்த வருஷம் எங்க தோட்டத்துத் திருவிழாவுக்குத் தப்பு அடிக்க ஆள் கிடைக்கல. ஸ்பீக்கர் செட் வாடகைக்கு எடுத்து, பென் டிரைவ்ல இருந்த தப்புச் சத்தத்தைப் போட்டுத்தான் சாமி ஊர்வலம் போச்சு. நல்லா அடிக்கத் தெரிஞ்ச எங்க மாமா லயத்து வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தார். "ஏன் மாமா நீங்க அடிக்கல?"ன்னு கேட்டேன். "தப்பத் தூக்குனா நம்மள என்ன சாதின்னுதான் பாக்குறாங்க. போதும்"னு சொன்னார். நான் ஒண்ணும் பேசல. எங்க தாத்தா தப்பு அடிச்சவர்னு நானும் ஸ்கூல்ல யார்கிட்டயும் சொன்னதில்ல.

அந்த நேரத்தில்தான் கம்பஸில் ஒரு கட்டுரைக்காக ட்ரினிடாட்டின் ஸ்டீல் பான் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தேன். மேற்கிந்தியத் தீவு, கார்னிவல், கலர் கலரா உடுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். வாசிக்க வாசிக்க லயத்து வாசல்தான் ஞாபகம் வந்தது.

அங்கே மேளம் என்பது முதலில் ஒரு பொலிஸ் பிரச்சினை. 1838இல் அடிமைமுறை முழுதாக முடிந்தபின், ஆபிரிக்க வம்சாவளி மக்கள் கார்னிவலைத் தங்கள் திருவிழாவாக்கிக்கொண்டார்கள். தீப்பந்தமும் மேளமுமாக வந்த ஊர்வலத்தை 1881இல் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் பொலிஸ் மறிக்க, பெரிய மோதலானது. சில வருடங்களில் மேளத்துக்கே சட்டம் தடை போட்டது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த இந்தியர்களும் தப்பவில்லை. 1884இல் மொஹரம் ஊர்வலமாக அவர்கள் சான் பெர்னாண்டோ நகரத்துக்குள் வரப் பார்த்தபோது பொலிஸ் சுட்டது. 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். (அந்த ஊர்வலத்தில் இந்துக்களும் இருந்தார்கள்.)

தோல் மேளம் போன இடத்துக்கு மூங்கில் வந்தது. வெவ்வேறு நீளத்தில் வெட்டி நிலத்தில் குத்தினால் வெவ்வேறு சத்தம். 1930களின் கடைசியில் பிஸ்கட் டின், பெயின்ட் டின், கார் பிரேக் ட்ரம் எல்லாம் சேர்ந்துகொண்டன. தகரத்தில் விழுந்த நெளிவுக்கு ஏற்றமாதிரி சத்தம் மாறுவதைப் பையன்கள் கண்டுபிடித்தார்கள். முதலில் யார் என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது. வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன், எலி மனெட் என்ற பெயர்கள் அடிக்கடி வரும். 1940களின் நடுவில் 55 கலன் எண்ணெய்ப் பீப்பா கைக்கு வந்ததும் தகர டின் போய் வாத்தியம் வந்தது.

பீப்பாவின் அடிப்பக்கத்தைப் பெரிய சுத்தியலால் கிண்ணம்மாதிரி குழித்து, ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் பிரித்து, நெருப்பில் காய்ச்சி, பிறகு சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். தப்பை நெருப்பில் காட்டி இறுக்குகிற மாமாவுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ஆனா மரியாதை உடனே வரல. பான் அடிப்பவன் என்றால் ரவுடி. பேண்டுகளும் சும்மா இல்லை. 1950இல் இன்வேடர்ஸும் டோக்கியோவும் தெருவில் அடித்துக்கொண்டது ஊரறிந்த கதை. 1951இல் பல பேண்டுகளிலிருந்து பொறுக்கிய ஒரு குழு லண்டனுக்கு, பிரித்தானிய விழாவுக்குப் போனது. துருப்பிடித்த பீப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாசித்ததும் வாயடைத்துப்போனார்கள். வெள்ளைக்காரன் கைதட்டினதுக்கப்புறம்தான் உள்ளூர்ப் பெரிய மனுஷங்களுக்கு அது கலையாத் தெரிஞ்சது. இது எனக்குக் கசக்குற இடம்.

எனக்குப் பிடித்த கதை டெஸ்பரேடோஸ். போர்ட் ஒஃப் ஸ்பெயினுக்கு மேலே லாவென்டில் என்ற ஏழைக் குன்று. அங்கத்தைய பையன்கள் 1940களில் தொடங்கிய பேண்ட். ருடால்ஃப் சார்ள்ஸ் 1960களின் தொடக்கத்திலிருந்து 1985இல் சாகும்வரை அதன் தலைவர். அவரே பான் செய்வார், சுருதி சேர்ப்பார், கண்டிப்பும் அவர்தான். 1963இல் தொடங்கிய பனோரமா போட்டியை 1966இல் வென்றார்கள். 1987இல் நியூயோர்க் கார்னகி ஹோலில் வாசித்தார்கள். கம்பனிகள் காசு கொடுத்து பேண்டின் பெயருக்கு முன்னால் தங்கள் பெயரை ஒட்டிக்கொண்டன. அது எனக்குப் பிடிக்கல, ஆனா பான் வாங்கக் காசு வேணும்ல. பயிற்சி நடக்கும் முற்றம் மட்டும் ஊர்க்காரர்களுடையது. போட்டிக் காலத்தில் சுமார் 100 பேர் ராத்திரி ராத்திரியாக நின்று, பெரும்பாலும் நொட்டேஷன் இல்லாமல், காதால் கேட்டே பாட்டைப் பழகுவார்கள்.

1845க்கும் 1917க்கும் இடையில் ட்ரினிடாட்டுக்குப் போன இந்தியர் 1,40,000க்கும் மேல். பெரும்பாலும் வட இந்தியர். மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின. அந்த வம்சாவளியில், லொபினோ என்ற மலைப் பள்ளத்தாக்குப் பக்கம் 1950இல் பிறந்தவர் ஜிட் சமரூ. சகோதரர்களைச் சேர்த்துக் குடும்ப பேண்ட் நடத்தியவர். பிறகு ரெனகேட்ஸ் என்ற நகரத்து பேண்டுக்கு இசையமைத்து, 1982 தொடக்கம் 1997 வரை ஒன்பது தடவை பனோரமா வென்று கொடுத்தார். ஆபிரிக்கர்களின் வாத்தியம் என்று யாரும் அவர் கையைத் தட்டிவிடவில்லை.

1992இல் பான் தேசிய வாத்தியமானது. லாவென்டிலின் வறுமை போகவில்லை. துப்பாக்கிச் சண்டைகளால் டெஸ்பரேடோஸே குன்றை விட்டு இறங்கி நகரத்தில் பயிற்சி செய்ய வேண்டிவந்தது.

போன கிழமை மாமாவுக்கு ஃபோனில் ரெனகேட்ஸ் வீடியோ ஒன்றைக் காட்டினேன். முழுசாப் பார்த்தார். "இத்தனை பொம்பளப் புள்ளைங்க அடிக்குது. யாரு சொல்லிக்குடுக்குறது?"

"அந்த ஊர்க்காரங்கதான் மாமா."

கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, தப்போட தோல் கிழிஞ்சு ரெண்டு வருஷமாச்சு, மாத்தளைக்குப் போனா விசாரிச்சுப் பாருன்னார்.