கொடுமுடி கோகிலம்



தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டி "ஔவையார்" படம் பார்த்த பெரியவர்கள் நம்மிடையே உண்டு. 1953-இல் வந்த படம். பாட்டியாக நடித்த கே.பி. சுந்தராம்பாளுக்கு அப்போது 45 வயதுகூட நிரம்பவில்லை!

1908-இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். வீட்டில் வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியை நாடகக்காரர்கள் மேடையேற்றினார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம் பிள்ளைகளே! கடைசியில் தரையில் குந்தியிருப்பவருக்கும் கேட்க வேண்டும். கேட்டது.

உடன் நடித்த எஸ்.ஜி. கிட்டப்பாவையே மணந்தார். 1933-இல் கிட்டப்பா மாண்டபோது அம்மையாருக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளைக் கதரைக் கடைசிவரை மாற்றவில்லை. ஆண்களுக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்றும் உறுதி கொண்டார். அதனாலோ என்னவோ, 1935-இல் "நந்தனார்" படத்தில் ஆண் வேடத்திலேயே வந்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பார்கள். அந்தக் காலத்து லட்சம், யோசித்துப் பாருங்க!

சத்தியமூர்த்தி முதலான காங்கிரஸ் தலைவர்கள் அழைக்க, கூட்டங்களில் விடுதலைப் பாட்டுப் பாடினார். பேச்சுக்கு வராத சனம் பாட்டுக்கு வந்தது. மேடையேறும் பெண்ணைக் 'கூத்தாடி' என்று ஏசிய நாளிலே, 1951-இல் சென்னை மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரையுலகிலிருந்து சட்டசபை புகுந்த முதல் ஆள் அவரே என்பர். பத்மஸ்ரீ பட்டத்தைவிட (1970) இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1980-இல் மறைந்தார். "திருவிளையாடல்" (1965) படத்தில் மறுபடியும் ஔவையாராக வருகிறார். வீட்டில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்க.