அம்மாவை உள்ளே விடுங்க, சிஸ்டர்!

1949-ல் லண்டனில் உங்க ரெண்டு வயசுக் குழந்தை ஆஸ்பத்திரியில் படுத்திருக்குன்னு வைங்க. கைஸ் ஆஸ்பத்திரி என்றால் ஞாயிற்றுக்கிழமை 2 மணியிலிருந்து 4 மணி வரை போய்ப் பார்க்கலாம். செயின்ட் தாமஸ் என்றால் முதல் மாசம் பார்க்கவே முடியாது. சாயங்காலம் 7 மணிக்கு மேல் குழந்தை தூங்கும்போது எட்டிப் பார்த்துட்டுக் கிளம்பலாம். லண்டன் ஆஸ்பத்திரியில் மூணு வயசுக்குக் கீழே இருந்தால் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி.

கல்நெஞ்சக்காரங்கன்னு உடனே திட்டிடாதீங்க. அவங்களுக்கும் காரணம் இருந்தது. ஆன்டிபயாடிக் பரவலாக வருவதற்கு முன்னால், தட்டம்மையோ தொண்டை அடைப்பானோ ஒரு வார்டுக்குள் நுழைந்தால் படுக்கை படுக்கையாகப் பரவும். இன்னொரு காரணம் நர்ஸுகள் தினமும் கண்ணால் பார்த்தது. குழந்தை ரெண்டு மூணு நாள் அழும், அப்புறம் அடங்கிவிடும், சொன்னபடி கேட்கும். அம்மா வந்துட்டுப் போனால் மறுபடியும் ஒரே அழுகை. ஆக, அழுகைக்குக் காரணம் அம்மாதான்! கணக்கு சரியாகத்தானே இருக்கு?

இந்தக் கணக்கை உடைத்தவர் டாக்டரே இல்லை. ஜேம்ஸ் ராபர்ட்சன், கிளாஸ்கோக்காரர். போர்க்காலத்தில் ஆனா ஃப்ராய்ட் நடத்திய ஹாம்ஸ்டெட் குழந்தைகள் காப்பகத்தில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் எடுபிடி வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராக இருந்தாலும் குழந்தைகளிடம் கவனித்ததை அட்டையில் எழுதி வைக்கணும், பாய்லர்காரரும் சேர்த்து. அந்தப் பழக்கத்தோடுதான் 1948-ல் டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜான் போல்பியிடம் சேர்ந்து, குழந்தைகள் வார்டுகளைக் கவனிக்கப் போனார்.

அங்கே மூணு கட்டங்களைப் பார்த்தார். முதலில் அழுது ஆர்ப்பாட்டம். அடுத்து நம்பிக்கை இழந்து சோர்ந்து கிடப்பது. மூணாவதாக, எதுவுமே நடக்காத மாதிரி சிரிச்சுக்கிட்டு எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வது. அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நர்ஸுகள் "அடங்கிடுச்சு" என்று சந்தோஷப்பட்டது எதுக்குன்னா, குழந்தை அம்மா மேல் வைத்த நம்பிக்கையைக் கைவிட்டதுக்கு!

சொல்லிப் பார்த்தார், டாக்டர்கள் நம்பவில்லை. சரி, கண்ணாலேயே பாருங்கன்னு 1952-ல் ஒரு படம் எடுத்தார், 'எ டூ-இயர்-ஓல்ட் கோஸ் டு ஹாஸ்பிட்டல்'. தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் தங்கிய லாரா என்ற பெண் குழந்தைதான் அதில். வேணும்னே அழுமூஞ்சிக் குழந்தையாகப் பார்த்து எடுத்தார்னு யாரும் சொல்லக்கூடாதே! அதனால் காத்திருப்போர் பட்டியலில் இருந்து குத்துமதிப்பாக ஒரு பெயரை எடுத்தார். தினமும் குறிப்பிட்ட நேரத்தில்தான் படப்பிடிப்பு, சாட்சிக்குச் சுவர்க் கடிகாரம்.

லாரா அதிகம் அழவே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு அம்மா எங்கேன்னு கேட்கிறாள். கடைசி நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா கையைப் பிடிக்க மறுத்துவிடுகிறாள்.

அந்த நவம்பரில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் திரையிட்டபோது டாக்டர்களும் நர்ஸுகளும் கொதித்துப் போனார்கள். கோபப்பட்டவர்களில் ஒருவர் அமர்ஷாம் ஆஸ்பத்திரியின் டெர்மோட் மக்கார்த்தி. ஆனால் தன் வார்டுக்குத் திரும்பிப் போனதும் அவர் கண்ணுக்கு அங்கேயும் லாராக்கள் தெரிய ஆரம்பித்துவிட்டார்கள். வார்டு சிஸ்டர் ஐவி மோரிஸோடு சேர்ந்து, அம்மாக்களைக் கூடவே தங்க வைத்தார். இதுவும் புதுசு இல்லை. நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920-களிலேயே அம்மாக்களைக் குழந்தைகளோடு தங்க வைத்திருந்தார். மற்றவர்கள்தான் கண்டுகொள்ளவில்லை.

1959-ல் பிளாட் அறிக்கை வந்தது. 55 பரிந்துரைகள், அதில் நேரக் கட்டுப்பாடு இல்லாத பார்வை நேரமும் ஒன்று. அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. அரசாங்கம் ஏற்றால் வார்டு மாறிடுமா என்ன? 1961-ல் லண்டன் பாட்டர்சீயில் அம்மாக்களே சங்கம் தொடங்கி, எந்த ஆஸ்பத்திரி விடுது, எது விடலைன்னு விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

அதுக்கப்புறம்தான் நர்ஸுகளே தங்கள் வேலையைத் தாங்களே ஆராய வந்தார்கள். ராயல் காலேஜ் ஆஃப் நர்ஸிங் வெளியிட்ட ஆய்வு வரிசையில் 1974-ல் பமீலா ஹாதார்ன் எழுதியது 'நர்ஸ், ஐ வான்ட் மை மம்மி!'. பிளாட் அறிக்கைக்குப் பதினைந்து வருஷம் கழித்தும் இந்தத் தலைப்பு தேவைப்பட்டது பாருங்க. அடுத்த வருஷம் அதே வரிசையில் ஜாக் ஹேவர்ட், ஆபரேஷனுக்கு முன்னால் என்ன நடக்கும்னு நோயாளிக்கு விளக்கிச் சொன்னாலே பிறகு வலி மருந்து குறைவாகத் தேவைப்படுது என்று காட்டினார். 1988-ல் ஆன் கேஸி, குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் குடும்பமும் நர்ஸும் பங்காளிகள் என்று ஒரு மாதிரியே வகுத்தார்.

நல்லபடியா முடிஞ்சுதுன்னு எழுந்திருச்சுடாதீங்க. 1994-ல் பிலிப் டார்பிஷயர் எழுதிய புத்தகம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. உள்ளே வந்த அம்மாவுக்கு நாலு பேர் பார்க்க, ஊர் நடுவில் பிள்ளை வளர்க்கிற சங்கடம். எதை நாம செய்யணும், எதை நர்ஸ் செய்வாங்கன்னு தெளிவா யாரும் சொல்வதில்லை. கேட்டு வாங்கிய உரிமை சத்தமில்லாமல் சம்பளமில்லாத வேலையாகவும் ஆகிவிடும். பெட்டுக்குக் கீழே பாய் விரிச்சுப் படுத்த நம்மூர் அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொண்ணும் சொல்லணும். குடும்பத்தை மையமாக வைத்த கவனிப்புக்கு என்ன ஆதாரம்னு லிண்டா ஷீல்ட்ஸ் குழுவினர் 2007-ல் காக்ரேன் முறைப்படி தேடினார்கள். தகுதியான ஆய்வு ஒண்ணுகூடக் கிடைக்கவில்லை. 2012-ல் மறுபடி தேடியபோது கிடைத்தது ஒன்றே ஒன்று. அதனால் அம்மா வேண்டாம்னு அர்த்தமா? பாதிக் குழந்தைகளுக்கு அம்மாவைக் கொடுத்து, மீதிப் பாதிக்குக் கொடுக்காமல் சோதித்துப் பார்க்க இனி யாருக்கும் மனசு வராது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அம்மாவும் நர்ஸும் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதையாவது ஆராயலாமே.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் பார்வையாளர்களை நிறுத்தின. 1949-ன் அதே காரணம்தான், தொற்று. ஆனால் விதிவிலக்குப் பட்டியலில் குழந்தையைப் பார்க்க வரும் பெற்றோரில் ஒருவருக்கு இடம் இருந்தது. அந்த ஒரு வரியை எழுத வைத்ததில், அழுகையை அடக்கிக்கொண்ட லாராவுக்கும் பங்கு உண்டு.