அளவை

அளவை என்பது பொருளின் உண்மையை அறியும் வழி. வடமொழியார் இதைப் பிரமாணம் என்பர். எந்தெந்த வழியில் அறிகிறோம் என்பது இதன் முதற் கேள்வி. அந்த வழிகளை ஏன் நம்ப வேண்டும் என்பது அடுத்தது. முதலாவதற்குப் பட்டியல் போட்டுவிடலாம்; தத்துவவாதிகளை மல்லுக்கட்ட வைத்தது இரண்டாவதுதான்.

தமிழில் இப்பட்டியல் விரிவாகக் கிடைப்பது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், 27ஆம் காதையில். மாதவன் (ஆண் துறவி) வடிவில் சேரர் தலைநகரான வஞ்சிக்குள் நுழையும் காப்பியத் தலைவி மணிமேகலை, சமயவாதிகளை ஒவ்வொருவராகக் கேட்கிறாள். (வஞ்சி கொச்சிக்கு வடக்கே உள்ள கொடுங்கல்லூர் என்பார் உண்டு, கரூர் என்பாரும் உண்டு.) முதலில் பேசும் அளவைவாதி, வியாசர் பத்தும் கிருதகோடி எட்டும் சைமினி ஆறும் சொன்னதாகக் கூறிப் பத்தையும் விளக்குகிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டு எனல் கருதல். கங்கையில் ஆய்க்குடி இருக்கிறது என்றால் கரையில் என்று கொள்வது அருத்தாபத்தி. இராமன் வென்றான் என்றதும் இராவணன் தோற்றதை அறிவது மீட்சி. இரும்பு தானே அசைந்தால் அருகே காந்தம் உண்டு என்பதும் ஓர் அளவை. இந்த மரத்தில் தெய்வம் உண்டு என்ற ஊர்ப்பேச்சுக்கும் ஐதிகம் என்ற பெயரில் இடம் கிடைத்துவிடுகிறது.

பட்டியலைவிடக் கூர்மையானது அதே காதையின் இறுதியில் வருகிறது. கண்ணால் கண்டதே மெய், கருதல் செல்லாது என்கிறான் பூதவாதி. அனுமானம் இல்லையென்றால் உன் தாய் தந்தையரை எப்படி அறிவாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். கருதலை மெய்ப்பிக்க அவள் வேறு சான்று எதையும் தேடவில்லை. அதை மறுப்பவனும் அன்றாடம் அதையே நம்பி வாழ்கிறான் என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறாள். 1781இல் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் காரணம், பொருள் போன்ற அடிப்படைக் கருத்துகள் இல்லாமல் அனுபவமே அமையாது என்று வாதிட்ட நூலை வெளியிட்டார். நோக்கமும் கட்டுமானமும் வேறு என்றாலும், இது இல்லாமல் முடியுமா என்று கேட்கும் போக்கு இருவருக்கும் பொது.

ஆனால் தவிர்க்க முடியாதது என்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடுமா? பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனர் பிடித்தது இந்த இடத்தைத்தான். பொருள்களை அளவை நிறுவுகிறது என்றால், அளவையை நிறுவுவது எது? இன்னோர் அளவை என்றால் அதற்கும் ஒன்று வேண்டும், சங்கிலி முடியாது. எதுவும் வேண்டாம் என்றால் எல்லாவற்றுக்கும் சான்று கேட்ட கொள்கை அங்கேயே உடைகிறது. தருக்க மரபின் மூலநூலான நியாய சூத்திரம் தராசைக் காட்டி விடை சொல்கிறது: பண்டத்தை நிறுக்கும் தராசையே வேறொரு சமயம் சோதித்தும் பார்க்கலாம். எல்லாத் தராசும் ஒருசேரச் சந்தேகத்துக்கு உள்ளானால் என்ன செய்வது என்பதற்கு இதில் நேரடி விடை இல்லை. வேத விளக்க மரபினரான மீமாம்சகர் மெய்ப்பிக்கும் சுமையையே மாற்றிவிட்டனர். அறிவு தானாகவே செல்லும். பிழை என்று காட்ட வேண்டியது மறுப்பவன் பொறுப்பு என்றார் அவர்களுள் ஒருவரான குமாரிலர்.

சைவ சித்தாந்தத்தின் வழி தனி. 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் பத்தையும் காண்டல், கருதல், உரை (நூல்வாக்கு) என்ற மூன்றுக்குள் அடக்கினார். (மணிமேகலையின் ஆசான் அறவண அடிகள் பௌத்த முறைப்படி காட்சி, கருத்து என இரண்டோடு நிறுத்துவார்.) இம்மூன்றும்கூடச் சித்தாந்திகளுக்குக் கருவிகளே, உண்மையான அளவை உயிரின் அறிவாற்றலாகிய சிற்சத்தி. நாகார்ஜுனரின் சங்கிலி இங்கே நிற்கிறது. ஆனால் உயிருக்கு அந்த ஆற்றல் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், பௌத்தர் ஒப்பவில்லை.

கேரளத்துக் கணிதர்கள் அளவை பற்றிய இவ்வழக்கை வானத்துக்கே கொண்டுபோனார்கள். பரமேசுவரர் கிரகணங்களைப் பல ஆண்டுகள் கவனித்து 1431இல் திருக்கணிதம் என்னும் முறையை வகுத்தார். அவர் மரபில் வந்த திருக்கண்டியூர் நீலகண்ட சோமயாஜி, ஜோதிர்மீமாம்சை நூலில் காண்டலுக்கும் உரைக்கும் இடையிலான பூசலை நேராக எடுத்துக்கொள்கிறார். பழைய வானியல் சித்தாந்த நூல்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன; ஆகவே எந்த நூலின் கணக்கு கண்ணால் காண்பதோடு ஒத்துவருகிறதோ அதையே அந்தக் காலத்துக்குக் கொள்ள வேண்டும், பிசகினால் திருத்த வேண்டும் என்பது அவர் முடிவு. திருத்திய கணக்கையும் அடுத்த தலைமுறை கிரகணம் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்பதில் அவருக்கு மறுப்பு இல்லை.