கண்புரை அறுவை முறைகளும் கருவிழியும்

கண்புரை அறுவை லென்ஸுக்குச் செய்யப்படுகிறது. அதில் அடிபடுவது பெரும்பாலும் கருவிழி. கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியச் செல்கள் ஓயாமல் நீரை வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. பெரியவர்களின் கண்ணில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 செல்கள் இருக்கும். அழிந்த செல்லுக்குப் பதிலாகப் புதிது பிறப்பதில்லை. பக்கத்துச் செல்கள் அகன்று அந்த இடத்தை மூடிக்கொள்ளும். எண்ணிக்கை 500 அளவுக்கு இறங்கினால் கருவிழி நீர்கோத்து மங்கிவிடும். மேற்பரப்பில் வலிமிகுந்த கொப்புளங்கள் எழும்.

ஊசியால் புரையை விலக்கும் பழைய முறை சுஷ்ருத சங்கிதையில் உண்டு. ஊசி பெரும்பாலும் வெள்ளைவிழி வழியே சென்றதால் கருவிழி தப்பியது. ஆனால் கண்ணுக்குள்ளேயே கிடந்த லென்ஸ் அழற்சியையும் கண் அழுத்தத்தையும் கிளப்பிப் பல கண்களைக் கெடுத்தது. 1747இல் பிரெஞ்சு மருத்துவர் ஷாக் தாவியேல் லென்ஸை வெளியே எடுத்தார். கருவிழியின் கீழ் விளிம்பில் பாதிச் சுற்றுக்கும் மேலாக வெட்டு, தையல் கிடையாது. 1860களில் ஜெர்மனியின் ஃபொன் கிரேஃபெ குறுகிய கத்தியால் வெட்டை மேல்பக்கத்துக்கு மாற்றினார். 20ஆம் நூற்றாண்டில் நுண்ணோக்கியும் மெல்லிய நைலான் இழையும் காயத்தைப் பத்திரமாக மூடின. ஆனாலும் 10 மி.மீ. வெட்டில் தையலின் இறுக்கம் கருவிழியின் வளைவைக் கோணலாக்கி, சிலிண்டர் பவரை ஏற்றியது.

அதுவரை எல்லோரும் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்புறச் சேதம் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கத் தொடங்கிய பிறகே உறைத்தது. 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். 1950களில் கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையே வைக்கப்பட்ட லென்ஸ்கள் முதலில் நல்ல பார்வை தந்தன. பல கண்களில் கருவிழி பின்னர் மங்கிப்போனதால் அவற்றை எடுக்க நேர்ந்தது. 1968இல் டேவிட் மாரிஸ் ஸ்பெக்குலர் நுண்ணோக்கியை உருவாக்கினார். 1970களில் அது நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியதும், அறுவைக்கு முன்னும் பின்னும் செல்களை எண்ணிப் பார்க்க முடிந்தது. கருவிழியைப் பொறுத்தவரை, இந்த வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் இதுதான்.

1967இல் அமெரிக்கரான சார்லஸ் கெல்மன் அறிமுகப்படுத்திய பேகோ முறை, மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்சியது. சுமார் 3 மி.மீ. வெட்டே போதும்; கருவிழியின் வளைவு அதிகம் மாறவில்லை. ஆனால் தொடக்க காலத்தில் புரை கருவிழிக்கு மிக அருகில் உடைக்கப்பட்டது. மீயொலி, சுழலும் திரவம், மோதும் துண்டுகள் என எல்லாம் எண்டோதீலியத்தைத் தாக்கின. சூடேறிய முனை வெட்டின் ஓரத்தையும் பொசுக்கியது. சிறிய வெட்டு என்பதாலேயே சேதமும் சிறிதாகிவிடவில்லை. 1980 வாக்கில் வந்த ஹயலூரோனேட் கூழ் செல்களுக்குக் கவசமாயிற்று. லென்ஸ் உறையை வட்டமாகத் திறக்கும் முறை, புரையை உடைக்கும் வேலையை உறைக்குள்ளேயே, கருவிழியிலிருந்து தள்ளி நடத்த வழிசெய்தது. 1993இல் ஜப்பானின் நகஹாரா காட்டிய, கொக்கியால் புரையைப் பிளக்கும் உத்தி மீயொலியின் தேவையைக் குறைத்தது.

இந்தியாவிலும் நேபாளத்திலும் விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாத, சிறு வெட்டுக் கண்புரை அறுவை எனப்படும் எஸ்.ஐ.சி.எஸ். முறை பரவியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அதைப் பெரும் எண்ணிக்கையில் செய்துவருகிறது. வெள்ளைவிழியில் 6 முதல் 7 மி.மீ. அகலத்தில் சுரங்கம் போல் அமையும் வெட்டு, பெரும்பாலும் தையலின்றித் தானே மூடிக்கொள்ளும். முழுப் புரையும் கருவிழியின் அடியில் வருவதால் செல்கள் தேயும் என்ற அச்சம் இருந்தது. சென்னையில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில் செல் இழப்பு பழைய தையல் முறையில் 4.72%, எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் 4.21%, பேகோவில் 5.41%, வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதல்ல. வளைவு மாற்றத்தில் மட்டும் பேகோ தெளிவாக முந்தியது: முறையே 1.77, 1.17, 0.77 டயாப்டர். ஏழைக்குக் கிடைக்கும் மலிவான முறை கருவிழிக்குத் தாழ்ந்ததல்ல என்பதற்கு இது வலுவான சான்று.

2008இல் புடாபெஸ்டில் ஃபெம்டோசெகண்ட் லேசர் புரை அறுவைக்கு வந்தது. அது மீயொலியைக் குறைத்தாலும், சாதாரணப் புரையில் இறுதிப் பார்வை பேகோவைவிடப் பெரிதாக மேம்படவில்லை. ஃபுக்ஸ் நோயால் எண்டோதீலியம் ஏற்கெனவே நலிந்தவர்களுக்குப் புரை கெட்டிப்படுமுன் அறுவை செய்வது நல்லது. தேவைப்பட்டால் அதே அமர்வில் தானம் பெற்ற எண்டோதீலிய அடுக்கும் பொருத்தப்படுகிறது.